வலிக்காத நஞ்சு

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கரைக்கு அப்பால் ஹேமன் என்றொரு தீவு. 1935-இல் அங்கே பவளத்திட்டுக்குப் போன 27 வயது இளைஞர் ஒருவர் அழகான சங்கு ஒன்றை எடுத்தார். உள்ளங்கையில் இடுக்கிக்கொண்டு அதன் மேல்தோலைக் கத்தியால் சுரண்டினார். கையில் ஏதோ பட்டது, இடம் லேசாக மரத்தது, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் உதடு விறைத்தது. இருபது நிமிடத்தில் பார்வை மங்கி, ஒன்று இரண்டாகத் தெரிந்தது. அரைமணியில் கால்கள் செயலற்றுப் போயின. ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பியது. ஐந்து மணி நேரத்தில் உயிர் போயிற்று. அடுத்த ஆண்டு மருத்துவ இதழ் ஒன்றில் இந்தச் சாவு நிமிடக் கணக்கோடு பதிவாயிற்று. அந்தப் பதிவில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு செய்திதான்: தொடக்கம் முதல் கடைசிவரை அவருக்கு வலியே இல்லை.

தேள் கொட்டினால் தெருவே விழித்துக்கொள்ளும். குளவி கொட்டினால் அந்த மரத்தடிக்கு மறுபடி போகமாட்டோம். நம்மைக் கொட்டும்போது அந்த நஞ்சுகளுக்கு வலிதான் வேலை. இனி இந்தப் பக்கம் தலைவைக்காதே என்று சொல்லி அனுப்பவே அவை கொட்டுகின்றன. கொட்டு வாங்கியவன் பிழைத்துப் போய் அதை நினைவில் வைத்திருந்தால்தான் அவற்றுக்கு லாபம். அந்தச் சங்குக்குள் இருந்த கூம்பு நத்தையின் கணக்கு வேறு. ஓட முடியாத, நீந்த முடியாத, கண் சரியாகத் தெரியாத ஒரு பிராணி, நீந்தி விளையாடும் மீனைப் பிடித்துத் தின்ன வேண்டும். குத்துப்பட்ட மீன் ஒரு கெஜம் தள்ளிப் போனால்கூட அது வேறு எவனோ ஒருவனுக்கு இரை. பாடம் சொல்லிக்கொடுக்க அதற்கு நேரமில்லை.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் இரண்டு இப்போது நீருக்கடியில் போய்விட்டன. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளிலும் அடிமணலிலும் கூம்பு நத்தைகள் பல வகை உண்டு. மீனைத் தின்பவை, சக நத்தையைத் தின்பவை, புழுவைத் தின்பவை என்று மூன்று சாதி. புழு தின்பவைதான் மிகுதி. இழுவை வலையிலும் நண்டு வலையிலும் சிக்கிக் கரைக்கு வந்து, சதை போன பிறகு கடையில் அலங்காரப் பொருளாக உட்கார்ந்திருக்கும்போது அவற்றின் தொழில் என்ன என்று யாருக்கும் தோன்றாது.

தொழிலைப் பார்க்க வேண்டுமானால் இரவில் பார்க்க வேண்டும். பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும் நத்தை, இருட்டியதும் வெளியே வருகிறது. முன்னால் நீட்டிய நீர்க்குழலால் தண்ணீரை உறிஞ்சி, அதில் கரைந்து வரும் மீன் வாடையை ருசி பார்க்கிறது. மீன் அருகில் இருப்பது உறுதியானதும், வாயிலிருந்து மெல்லிய தும்பிக்கை ஒன்று நீளுகிறது. அதன் நுனியில் ஒரே ஒரு பல். பல் என்பது பேருக்குத்தான். உள்ளே துளையும் நுனியில் முள்ளும் கொண்ட ஊசி அது. நண்டின் ஓடு எந்தப் பொருளால் ஆனதோ அதே கைட்டினால் ஆனது. தும்பிக்கை மீனின் உடம்பைத் தொடுகிறது. தொட்ட கணத்தில் பல் பாய்ந்து, அதன் துளை வழியே நஞ்சு இறங்குகிறது. மீன் துடிக்கக்கூட இல்லை. செட்டைகள் விரிந்தபடியே விறைத்து நின்றுவிடுகிறது. நத்தை அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. சில மணி நேரம் கழித்து முள்ளும் செதிலும் பயன்படுத்திய பல்லும் வெளியே துப்பப்படுகின்றன. ஒரு வேட்டைக்கு ஒரு பல். அடுத்தது பையில் தயாராக இருக்கும்.

ஹேமன் தீவில் உயிர்வாங்கிய ‘ஜியோகிராபஸ்’ வகை இன்னொரு வித்தையும் வைத்திருக்கிறது. வாயை அகலமாக விரித்து, வலைபோல மீன்களை உள்ளே வளைத்துக்கொள்ளும். மீன்கள் ஏன் ஓடுவதில்லை? 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று விடை தந்தது. இந்த நத்தை இன்சுலினைச் சுரக்கிறது. நத்தைக்கு உரிய இன்சுலின் அல்ல, மீனின் இன்சுலினை ஒத்த வடிவம். அது தண்ணீரில் கலந்தால் மீனின் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, மீன் சோர்ந்துபோகிறது. உடம்பு தானே சுரக்கும் ஒரு பொருளையே நஞ்சாக்கிக் கொடுத்தால், எதிர்க்க வேண்டும் என்று உடம்புக்குத் தோன்றவே தோன்றாது.

இந்த நஞ்சு சதையை அழுகச் செய்வதில்லை. நரம்பைச் சுட்டுக் கருக்குவதில்லை. நரம்பில் ஓடும் சேதி மின்சாரமாக ஓடுகிறது. ஒரு நரம்பு முடிந்து அடுத்த நரம்போ தசையோ தொடங்கும் இடத்தில் சிறு இடைவெளி உண்டு. அங்கே சேதி கைமாற வேண்டும். அந்தக் கைமாற்றத்துக்குச் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் போய்வரும் நுண்ணிய வாயில்கள் திறந்து மூட வேண்டும். நத்தையின் நஞ்சு பெரும்பாலும் இந்த வாயில்களுக்குப் போடும் பூட்டு. ஒவ்வொரு வகை நத்தையிடமும் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் புரதத் துணுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாயிலுக்கு. தபால் எழுதியவர் உயிரோடிருக்கிறார், பெற வேண்டியவரும் உயிரோடிருக்கிறார், நடுவில் தபால்காரரை மட்டும் நிறுத்திவிட்டால் எப்படியோ, அப்படி. மூச்சுவிடச் சொல்லி மூளை ஆணை அனுப்பிக்கொண்டே இருக்கும். மார்புத் தசைக்கு அது வந்து சேராது.

நம் கடல் நத்தைகளின் நஞ்சை ஆராய்ந்தவர்களில் முக்கியமான இருவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராம், மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கே.எஸ். கிருஷ்ணன். ‘அமாடிஸ்’ என்ற கூம்பு நத்தையிலிருந்து, சோடியம் வாயிலைச் சட்டென்று மூடவிடாமல் தாமதப்படுத்தும் ஒரு துணுக்கை அவர்கள் குழு 2003-இல் விவரித்தது. டாடா நிறுவனத்தின் பெயர் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஊரான கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக்குள் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை இறக்கி, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1965-இல் நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தவர்கள் அந்த நிறுவனத்து இயற்பியலாளர்கள். பூமியையே ஊடுருவிக்கொண்டு பெரும்பாலும் எதையும் தொடாமல் போகும் துகள் அது. அதைக்கூடக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கூர்மையான காதுகளை எங்கள் சுரங்கத்தில் வைத்திருந்தார்கள். இன்னொன்று அதே சுரங்கத்தில் மனிதர்களைத் தொட்டுக்கொண்டே இருந்தது. அது வலிக்கவில்லை.

அதைச் சொல்லும் முன் வேலூருக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர், 1940களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் அன்று உலகம் முழுக்க நம்பிக்கை. பிராண்டுக்கு அது பொருந்தவில்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தன்னால் திறக்க முடியாமல் நின்றபோது, நோயாளியான ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். பையனின் பலம் அபாரமாக இருக்கிறதே என்று கையைப் பார்த்தால், சாவி விரலை எலும்புவரை அறுத்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. இரவில் தூங்கும்போது விரல்களை எலி கடித்துக்கொண்டு போனதும் நடந்தது. அதற்காகப் பூனைகளைக் கொடுத்தனுப்பினார்கள். கிருமி தின்றது விரலை அல்ல, வலியை. வலி போன பின், அடுப்பும் ஆணியும் செருப்பும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இதைப் புரிந்துகொண்டது தொழுநோய் மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. பிற்காலத்தில் பிராண்ட் வலியை யாரும் விரும்பாத பரிசு என்று எழுதினார்.

வலி என்பது உடம்பின் காவல்காரன் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வோம். அதன் மறுபக்கத்தைத்தான் யோசிப்பதில்லை. வலிக்கிற ஆபத்துக்கு நாம் பயப்படுகிறோம், விலகுகிறோம், வேலி போடுகிறோம். வலிக்காத ஆபத்து நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது.

இப்போது ஊருக்குத் திரும்பலாம். எங்கள் பக்கத்துத் தங்கம் குவார்ட்ஸ் படிவத்தில் இருந்தது. ‘சாம்பியன் ரீப்’ என்பது அப்படிப்பட்ட ஒரு படிவத்தின் பெயர். 1880 முதல் லண்டன் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே தோண்டியது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், லைன் வீடுகளில் குடியேறி, கேஜ் என்ற கூண்டில் ஏறிக் கீழே இறங்கின. சாம்பியன் ரீப்ஸ் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபோது நாட்டின் பெரும்பாலான நகரங்களில் இருட்டுதான். கிளப், கோல்ப் மைதானம், பங்களா என்று மேட்டில் ஒரு குட்டி இங்கிலாந்து. பள்ளத்தில் லைன்கள்.

கீழே இறங்குகிறவர்கள் பயந்தது ஒன்றுக்கு. அவ்வளவு ஆழத்தில், மேலே கிடக்கும் மலையின் பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். மேலே லைன் வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்கள் அதிரும். பெண்கள் போட்டது போட்டபடி சாஃப்டுக்கு ஓடுவார்கள். கேஜ் மேலே வரும்போது யார் முகம் இருக்கிறது, யார் முகம் இல்லை என்று எண்ணுவார்கள். மைசூர் சமஸ்தானத்து நிலவியல் அதிகாரி ஸ்மீத் இதைப் பற்றி 1904-லேயே விரிவாக எழுதிவிட்டார். தோண்டிய இடங்களுக்குள் கருங்கல் சுவர் எழுப்பித் தாங்கு கொடுத்தார்கள். 1970களின் கடைசியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு பாறையின் முனகலைக் கேட்கும் கருவிகளைச் சுரங்கத்துக்குள் பொருத்தினார்கள். 1988-இல் பாறைகளின் நடத்தையை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் சாம்பியன் ரீப்ஸிலேயே அமைந்தது. பாறை கத்தியது, கேட்கக் காது வைத்தார்கள்.

தூசு கத்தவில்லை. துளையிடும்போதும் வெடிவைக்கும்போதும் குவார்ட்ஸ் பொடியாகிறது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. தங்கம் எந்தக் கல்லில் இருந்ததோ நோயும் அதே கல்லில் இருந்தது. கண்ணுக்குத் தெரியும் தூசு மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும்; இருமித் துப்பிவிடலாம். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போகிறது. அந்நியப் பொருளைத் தின்று அழிக்க உடம்பு அனுப்பும் காவல் செல் அந்தத் துகளை விழுங்குகிறது. சீரணிக்க முடியாமல் செல் சாகிறது. துகள் மறுபடி வெளியே வருகிறது. அடுத்த செல் வந்து விழுங்குகிறது. ஒவ்வொரு சாவிலும் கொஞ்சம் வடு. வடுக்கள் திரண்டு முடிச்சாகி, பஞ்சு போல் இருக்க வேண்டிய நுரையீரல் இறுகுகிறது. இத்தனையும் நடக்கும்போது வலி இருக்காது. நுரையீரலைச் சுற்றிய உறைக்குத்தான் வலி தெரியும். உள்ளே இருக்கும் சதைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் படியேறும்போது மூச்சு முட்டும். பிறகு நடக்கும்போது. பிறகு உட்கார்ந்திருக்கும்போதே. காசநோயும் சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குள் ஆள் ஓய்வு பெற்றிருப்பார்.

சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் எதற்கு அதிகம் பயந்தீர்கள் என்று கேட்டேன். “ஏர் பிளாஸ்டுக்குத்தாம்பா. கல்லு வுழுந்தா ஆளு காலி. தூசு என்னா பண்ணும்? அது பாட்டுக்கு இருக்கும்” என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். வாசற்படியில் கையூன்றிக்கொண்டுதான் பேசினார். தோள்கள் காதுவரை ஏறி ஏறி இறங்கின. தூசைப் பற்றி அவர் மனதில் இன்னமும் கோபம் இல்லை. தன்னை ஒருபோதும் வலிக்கச் செய்யாத ஒன்றின் மேல் எப்படிக் கோபம் வரும்?

அவருக்குத் தெரியவில்லை என்பதை ஏற்கலாம். நிர்வாகத்துக்கும் தெரியாதா? தெரியும். 1940களில் இங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் சிலிகோசிஸ் என்ற இந்தத் தூசு நோய் இருந்தது. 1947-இல் வெளியான அந்த முடிவுதான் இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் பெரிய பதிவாக இன்றும் மருத்துவ நூல்களில் மேற்கோள் காட்டப்படுகிறது. எக்ஸ்ரே இருந்தது, எண்ணிக்கை இருந்தது, அறிக்கை இருந்தது. தூசைக் குறைக்கும் ஏற்பாடுகளும் பிறகு வந்தன. ஆனால் பத்தில் நான்கு பேர் நுரையீரலை இழக்கும்வரை யாருக்கும் சுருக்கென்று ஒன்றும் குத்தவில்லை.

பாறைக்குத் தாங்கு கொடுத்தவர்கள் நுரையீரலுக்கு ஏன் அத்தனை தாமதித்தார்கள்? விடை கொடுமையானதல்ல, சாதாரணமானது. ஏர் பிளாஸ்ட் தொழிலாளியைக் கொன்றதோடு சாஃப்டையும் சேர்த்து உடைத்தது. தாது புதைந்தது, மில் நின்றது, லண்டனில் பங்குதாரருக்கும் வலித்தது. தூசு தொழிலாளியை மட்டும் தொட்டது. அதுவும் அவர் வேலை முடிந்து ஊருக்குப் போன பிறகு. சுரங்கம் என்ற உடம்புக்குத் தூசு வலிக்கவே இல்லை. நுரையீரல் சாம்பியன் ரீப்ஸில் இருந்தது, ஆணையிடும் தலை லண்டனில் இருந்தது, நடுவில் சேதி கைமாறவில்லை. யாரும் பொய் சொல்லத் தேவைப்படவில்லை. கைமாற்றம் நின்றால் போதும்.

1956-இல் சுரங்கம் அரசுடைமையானது. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. மூடிய பின்னும் அரைத்துச் சலித்த கல்மாவு மூன்று கோடி டன்னுக்கு மேல் ஊரைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கிறது. சைனைட் கரைசலால் தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண் என்பதால் சைனைட் மலை என்று பெயர். சினிமாக்காரர்கள் வந்து படம் எடுக்கிறார்கள். ஆடிக் காற்றில் அந்த மாவு கிளம்பி வீட்டுப் பாத்திரத்தில் படிகிறது. அதுவும் வலிக்காது. அதனால் துடைத்துவிட்டுச் சமைக்கிறோம்.

பால் பிராண்ட் பிற்காலத்தில் அமெரிக்காவுக்குப் போய் ஒரு பெருமுயற்சி செய்தார். வலி இழந்தவர்களுக்குச் செயற்கை வலி கொடுக்க நினைத்தார். அழுத்தம் அளக்கும் உணரிகளைக் கையுறையில் பொருத்தி, ஆபத்தான அளவுக்கு அழுத்தம் ஏறினால் ஒலி எழும்படி செய்தார். நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள், கேட்டும் வேலையைத் தொடர்ந்தார்கள். விளக்கு எரியச் செய்தார். அதையும் பார்த்தார்கள், தொடர்ந்தார்கள். கடைசியில் வலி இன்னும் உணரும் இடத்தில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். முக்கியமான வேலை வரும்போது கருவியை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார்கள். அவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். எச்சரிக்கை என்ன சொல்கிறது என்பது நன்றாகத் தெரிந்தவர்கள். அணைக்க முடிகிற எச்சரிக்கையை மனிதன் அணைத்துவிடுவான் என்று பிராண்ட் முடிவுக்கு வந்தார். நிஜ வலியின் மேன்மை அதன் கூர்மையில் இல்லை. அதன் பொத்தான் நம் கையில் இல்லை என்பதில் இருக்கிறது.

அறிக்கைகளுக்கும் இதே கதிதான். பிறர் நுரையீரலைப் பற்றிய அறிக்கை என்பது பொத்தான் வைத்த வலி. உற்பத்திக் கணக்கு முடியும்வரை அணைத்துவைக்கலாம்.

இன்றைக்கும் இதைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவரைக் கொல்வது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நாற்றம் அளவு குறைவாக இருக்கும்போதுதான். அளவு கூடினால் முதலில் மோப்ப நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டதே, இனிப் பயமில்லை என்று நினைக்கும் நிமிடம்தான் கடைசி நிமிடம். மனிதர்களை இப்படி இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் வந்துவிட்டது. இன்னமும் இறக்குகிறார்கள். இறங்கச் சொல்லும் ஒப்பந்தக்காரர் மேலே நல்ல காற்றில் நிற்கிறார். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவருடைய மூக்கு தொட்டிக்குள் இல்லை, அது போதும்.

அப்படியானால் வலியே வாழ்க என்று சொல்லிவிடலாமா? வலியைக் கும்பிடுவது ஆரோக்கியமாக இருப்பவர்களின் பொழுதுபோக்கு. எலும்புவரை புற்று பரவிய ஒருவருக்கு இரவு மூன்று மணிக்கு வரும் வலி எந்த ஆபத்தைப் பற்றி எச்சரிக்கிறது? சொல்ல வேண்டியதை அது எப்போதோ சொல்லிவிட்டது. கேட்க வேண்டியவர்கள் கேட்டுவிட்டார்கள், செய்ய முடிந்ததைச் செய்துவிட்டார்கள். அதன் பிறகும் ஒலித்துக்கொண்டே இருக்கும் வலி காவல் அல்ல, சித்திரவதை.

இங்கேதான் நத்தை மறுபடி வருகிறது. பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டோமேரோ ஒலிவேரா, சொந்த நாட்டில் ஆய்வுக் கருவிகளும் ரசாயனங்களும் கிடைக்காத காலத்தில், கையில் எது கிடைக்குமோ அதை ஆராய்வோம் என்று கூம்பு நத்தையை எடுத்தவர். பிறகு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் அந்தப் பணி வளர்ந்தது. நஞ்சின் கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்து எலியின் மூளைக்குள் நேரே செலுத்திப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னவர் ஓர் இளநிலை மாணவர். செலுத்தினார்கள். ஒரு கூறுக்கு எலி நடுங்கியது, இன்னொன்றுக்குச் சொறிந்துகொண்டே இருந்தது. வேறொன்றுக்குக் குட்டி எலி தூங்கிப்போனது, அதே கூறுக்கு வளர்ந்த எலி பரபரத்துத் திரிந்தது. ஒரே நஞ்சுக்குள் இத்தனை தனித்தனிச் சாவிகள். அவற்றில் ஒன்றை, ‘மாகுஸ்’ என்ற நத்தையிலிருந்து பிரித்தெடுத்தவர் அப்போதுதான் பள்ளி முடித்து வந்திருந்த மைக்கேல் மெக்கின்டாஷ் என்ற இளைஞர். 25 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு துணுக்கு. வலி நரம்பு தன் சேதியைத் தண்டுவடத்திடம் ஒப்படைக்கும் இடத்தில் உள்ள கால்சியம் வாயிலை மட்டும் அது அடைக்கிறது.

அந்தத் துணுக்கின் நகலை ஆய்வகத்தில் செய்து, சிகோனோடைடு என்ற பெயரில் 2004 டிசம்பரில் அமெரிக்கா மருந்தாக அனுமதித்தது. மார்பினுக்கும் கட்டுப்படாத கடும் நாள்பட்ட வலிக்கு, தண்டுவட நீருக்குள் பம்பு மூலம் துளித்துளியாகச் செலுத்துகிறார்கள். மார்பினைப்போல் நாளாக நாளாக அளவு கூட்ட வேண்டிய கட்டாயம் இதற்கு இல்லை, அடிமைப்படுத்துவதும் இல்லை. சுலபமான மருந்தும் அல்ல. அளவு சற்றுத் தப்பினால் மனக்குழப்பம் வரும், இல்லாத உருவங்கள் தெரியும். ஆனாலும் மீனைத் திமிறவிடாமல் செய்வதற்காக உருவான ஒரு பூட்டு, படுக்கையில் கிடக்கும் மனிதரை ஓர் இரவு தூங்கவைக்கிறது. அதே வகை வாயில், அதே வகை அடைப்பு. மீனுக்கு அது சாவு, இவருக்கு விடுதலை.

என்ன வேறுபாடு? அமிர்தமும் நஞ்சும் அளவில்தான் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அது பாதி உண்மை. மீனிடம் சொல்லப்படாமல் மறைக்கப்பட்ட சேதி, அது அறிந்தால் தப்பித்திருக்கக்கூடிய சேதி. நோயாளியிடம் நிறுத்தப்பட்டதோ அவர் ஏற்கெனவே முழுக்க அறிந்த சேதி. நிறுத்தச் சொன்னவரும் அவரே. வலியை அடக்குவது நஞ்சா மருந்தா என்பதை அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் அடக்குகிறார்கள், யாருக்காக என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

நம் நாட்டு மார்பின் கதை இதையே தலைகீழாகக் காட்டுகிறது. சட்டப்படி அபின் விளைவிக்கும் மிகச் சில நாடுகளில் இந்தியா ஒன்று. மார்பின் அபினிலிருந்துதான் வருகிறது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் உரிமத்துக்கு மேல் உரிமம் கேட்டதில், மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் மார்பின் பக்கமே போகப் பயந்தன. புற்றுநோயாளிகள் அலறிக்கொண்டே இறந்தார்கள். திருவனந்தபுரத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரைப் போன்றவர்களும் பல்லாண்டுகள் போராடியதன் பலனாக 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் எழுதியவர்கள் கொடியவர்களா? இல்லை. போதை பரவக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்த விதிகளை எழுதிய மேசையில் இரவு மூன்று மணி வலி உட்கார்ந்திருக்கவில்லை. தங்கவயலில் தூசு வலிக்கவில்லை என்பதால் விட்டுவிட்டார்கள். இங்கே வலிக்கிறது என்று தெரிந்தும் விட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே: முடிவு எடுக்கும் தலை ஒரு பக்கம், நோகும் உடம்பு இன்னொரு பக்கம்.

தனி மனித உடம்பில் இந்தப் பிரிவினை கிடையாது. கை சுட்டால் கையை இழுக்கும் ஆணை, மூளைக்குச் சேதி போவதற்கு முன்பே தண்டுவடத்திலிருந்து வந்துவிடுகிறது. அந்த நெருக்கத்தால்தான் உடம்பு பிழைத்துக் கிடக்கிறது. ஊர், நிறுவனம், அரசு என்று மனிதர்கள் சேர்ந்து கட்டும் பெரிய உடம்புகளுக்கு அப்படி நரம்பு பிறவியிலேயே வருவதில்லை. அதை நாம்தான் இழுத்துக் கட்ட வேண்டும். தொழிற்சங்கம் என்பது ஒரு நரம்பு. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளிகள் வேலையை நிறுத்தியபோது நடந்தது அதுதான். லைன் வீட்டின் நோவு மேட்டு பங்களாவுக்கும் தெரியும்படி ஆயிற்று. இழப்பீட்டுச் சட்டம் ஒரு நரம்பு: உன் நுரையீரல் கெட்டால் என் பணப்பெட்டியிலும் சுருக்கென்று குத்தும். நீதிமன்றம், பத்திரிகை, தகவல் கேட்கும் உரிமை, எல்லாம் அந்த வகைதான். இவற்றை எரிச்சல் என்று பார்க்கிறவர்கள் உண்டு. எரிச்சல்தான். எரிவதற்காகத்தான் அவை இருக்கின்றன.

இரக்கத்தைக் கெஞ்சிக் கேட்டுப் பயனில்லை. இரக்கத்துக்கும் பொத்தான் உண்டு. மற்றவர் வலியை எண்ணி ஒரு பொழுது உருகலாம், மறுநாள் அணைத்துவிடலாம். அணைக்க முடியாதபடி செய்வதற்குப் பெயர்தான் நீதி. தொட்டிக்குள் ஆள் இறங்கினால் இறக்கியவர் உரிமம் போகும், சிறை உறுதி என்றால், அவருடைய மூக்கும் தொட்டிக்குள் வந்துவிடும். அதன் பிறகு அவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே எழாது.

ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும், எந்தத் தொழிற்சாலை வந்தாலும், சைனைட் மண்ணை மறுபடி கிளறிப் பார்க்கலாம் என்று யார் வந்து சொன்னாலும், லாபம் எவ்வளவு, வேலை எத்தனை பேருக்கு என்ற கேள்விகளுக்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுவிட வேண்டும்: இதில் தவறு நேர்ந்தால் யாருக்கு வலிக்கும், இதை முடிவு செய்கிறவர் யார்? இரண்டும் ஒரே ஆள் என்றால் நம்பலாம். அந்த ஆள் தானே பார்த்துக்கொள்வார். இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்றால், எவ்வளவு நல்லவர்கள் சேர்ந்து செய்தாலும், எத்தனை அறிக்கை எழுதினாலும், அங்கே நஞ்சு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஒரு சமூகம் நலமாக இருக்கிறதா என்பதற்கு, அதில் வலி இல்லை என்பது சான்று ஆகாது. கடைக்கோடியில் ஒருவருக்கு வலித்தால் தலைமாட்டில் இருப்பவருக்கும் வலிக்கிறதா என்பதுதான் சான்று.